கீசர் ரிப்பேர் யார் தலையில? மெட்ராஸ் வாடகை வீட்டு வெந்நீரின் கதை

இந்த எபிசோட் எங்க வீட்டு பாத்ரூம்ல இருந்து ஆரம்பிக்குது.

போன மார்கழி. காலையில ஆறு மணி இருக்கும். நாங்க மயிலாப்பூர்ல ஒரு பழைய ஃப்ளாட்ல வாடகைக்கு இருக்கோம். பாட்டி குளிக்கப் போனவங்க உள்ள இருந்து கூப்பிட்டாங்க: "டேய், இந்தத் தண்ணி கடிக்குதுடா."

தண்ணி ரொம்ப கொதிக்குதுன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன். போய்க் குழாயைத் தொட்டேன். சுர்ருன்னு விரல்ல ஏறுச்சு. பாட்டி ஈரத் தரையில நின்னுட்டு இருக்காங்க, வயசு எண்பதுக்கு மேல. அவங்களை வெளிய கூட்டிட்டு வந்து, முதல்ல மெயினை ஆஃப் பண்ணேன். அப்புறம்தான் எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சது.

ஒன்பது மணிக்கு ஹவுஸ் ஓனருக்கு ஃபோன் பண்ணேன். அவர் கத்தல, மழுப்பல. ரொம்ப சாதாரணமா ஒரே வரி சொன்னார்: "தம்பி, கீசர் ரிப்பேர் டெனன்ட் பொறுப்பு. சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு."

சட்டத்துல கீசரா? சும்மா அடிச்சு விடறார்னு நெனச்சேன். தேடிப் பார்த்தா, உண்மையிலேயே இருக்கு. கீசர்ங்கிற வார்த்தையே இருக்கு. அங்க இருந்துதான் இந்த எபிசோட் வந்தது. ஒரு வாளி வெந்நீருக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு நம்ம ஊர் காலத்துக்கு ஒரு பதில் சொல்லியிருக்கு.

முதல்ல ஒண்ணு. "சென்னையில எதுக்குடா கீசர்?"னு கேக்கிறவங்க இருக்கீங்க, தெரியும். மே மாசம் மத்தியானம் ஓவர்ஹெட் டேங்க் தண்ணியே கீசர்தான். ஆனா டிசம்பர், ஜனவரி விடியக்காலையில 20 டிகிரி பக்கம் இறங்கும். ராத்திரி முழுக்க மொட்டை மாடியில ஆறின தண்ணியை ஒரு வயசானவர் மேலயோ கைக்குழந்தை மேலயோ ஊத்த முடியாது. டெல்லி மாதிரி ரூம் ஹீட்டர் நமக்கு வேணாம். நம்ம வீட்டுல இருக்கிற ஒரே 'ஹீட்டிங் சிஸ்டம்' பாத்ரூம் சுவத்துல தொங்குற அந்த வெள்ளை டப்பாதான்.

பாய்லர் கூடவே வந்தது

அன்னிக்கு மத்தியானம் பாட்டி தன்னோட சின்ன வயசு வீட்டைப் பத்திச் சொன்னாங்க. இதே மயிலாப்பூர்தான். ஒண்டுக்குடித்தனம். நடுவுல முற்றம், சுத்தி ஆறு குடும்பம், ஒரு கிணறு, எல்லாருக்கும் பொதுவா ரெண்டு குளியலறை. இந்த மாதிரி வீட்டுக்கு மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் 'ஸ்டோர்'னு பேர். மளிகைக் கடை இல்ல, வரிசையா போர்ஷன் போட்டு வாடகைக்கு விடுற வீடு.

வெந்நீர் எப்படி? வசதி இல்லாதவங்க விறகு அடுப்புல அண்டா வைப்பாங்க. கொஞ்சம் கையில காசு இருந்தா செம்புல பண்ணின பாய்லர். இப்ப இருக்கிற பிள்ளைகள் இதை டீக்கடையிலதான் பார்த்திருப்பீங்க, அதே குடும்பம்தான். உருளையா ஒரு பாத்திரம், அதுக்கு நடுவுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு குழாய். குழாய்க்குள்ள கரி, தேங்காய் மட்டை, மரத்துண்டு எது கிடைக்குதோ அதைப் போட்டுப் பத்த வைக்கணும். சுத்தி இருக்கிற தண்ணி சூடாகும். மேல புனல் வழியா பச்சைத் தண்ணி ஊத்தினா, பக்கத்துல இருக்கிற பித்தளைக் குழாய்ல வெந்நீர் வரும். தீபாவளிக்கு முதல் நாள் புளி போட்டுத் தேய்ச்சு, பளபளன்னு ஆக்கி, சந்தனம் குங்குமம் வெப்பாங்க. மறுநாள் விடியறதுக்கு முன்னாடி எண்ணெய்க் குளியலுக்கு அதுதான் நாயகன்.

பாட்டி சொன்னதுல எனக்கு முக்கியமாப் பட்டது வேற ஒண்ணு. "வீடு மாறும்போது பாய்லர் எங்க கூடவே வரும். அது எங்க பாட்டி சீரா கொண்டு வந்தது. வீட்டுக்காரருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

கரெக்ட். அந்தக் காலத்துல வெந்நீர் குடித்தனக்காரரோட சொத்து. வீட்டுக்காரர் கொடுத்தது நாலு சுவர், ஒரு கூரை, கிணத்துல பங்கு. பாய்லர் ஓட்டை ஆனா நீங்கதான் பாத்திரக் கடைக்காரர்கிட்ட எடுத்துட்டுப் போய் அடைக்கணும். அதுல யாருக்கும் சண்டை இல்ல.

அன்னிக்கு இருந்த சட்டமும் கிட்டத்தட்ட இதே மனநிலைதான். 1882-ல வந்த சொத்து மாற்றுச் சட்டம் இன்னிக்கும் இருக்கு. அதோட 108-வது பிரிவு வாடகைக்கு விடுறவர், வாடகைக்கு வர்றவர் ரெண்டு பேரோட கடமைகளையும் பட்டியல் போடுது. வீட்டுக்காரர் பொதுவா எல்லா ரிப்பேரும் பண்ணித் தரணும்னு அதுல கிடையாது. ஆனா ரெண்டு விஷயம் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும். ஒண்ணு: வீட்டுல பெரிய குறை ஏதாவது இருந்து, அது வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சு, வாடகைக்கு வர்றவர் சாதாரணமாப் பார்த்தா கண்டுபிடிக்க முடியாததா இருந்தா, அதை முன்னாடியே சொல்லிடணும். ரெண்டு: வீட்டுக்காரர் பண்ண வேண்டிய ரிப்பேரை, சொல்லியும் நியாயமான காலத்துக்குள்ள அவர் பண்ணலேன்னா, குடித்தனக்காரர் தானே பண்ணிட்டு வாடகையில கழிச்சுக்கலாம். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் இதுதான் விதி.

லண்டன்ல ஒரு பெயின்டர்

இப்ப கொஞ்சம் லண்டனுக்குப் போயிட்டு வரலாம். சுவத்துல தொங்குற டப்பாவோட பேர் அங்க இருந்துதான் வந்தது. 1868-ல பெஞ்சமின் வாடி மாகன்னு ஒரு பெயின்டர், கேஸ் எரிச்சு, ஓடுற தண்ணியை உடனே சூடாக்குற ஒரு கருவிக்கு காப்புரிமை வாங்கினார். ஐஸ்லாந்துல பூமிக்குள்ள இருந்து பீறிட்டு வர்ற வெந்நீர் ஊற்று ஒண்ணுக்கு கெய்சிர்னு பேர். அதையே தன்னோட கருவிக்கும் வெச்சார்: கீசர். அமெரிக்காக்காரங்க வாட்டர் ஹீட்டர்னு சொல்றாங்க. நாம இன்னும் அந்த விக்டோரியா காலத்துப் பேரை விடல.

மாகனோட கருவியில ஒரு பெரிய கோளாறு இருந்தது. புகை வெளிய போக வழி கிடையாது. குளிக்கிற அறைக்குள்ளயே எரியும், அங்கயே தங்கும். இன்னிக்கும் காத்து வராத பாத்ரூம்ல கேஸ் கீசர் போட்டு, கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிர் போற செய்திகளைப் படிக்கிறோம். சமையல் பாத்திரம் ரிப்பேர் ஆனா சோறு வேகாது. வெந்நீர்க் கருவி ரிப்பேர் ஆனா ஆள் போக வாய்ப்பு இருக்கு. இந்த வித்தியாசம் இந்தக் கதை முழுக்க வரும்.

சண்டை வந்தது, வாடகை நின்னது

நம்ம ஊர் வாடகைச் சட்டத்துக்கு அப்பன் உலகப் போர். முதல் போர் நடந்துட்டு இருந்தப்ப, 1915-ல ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல ஆம்பளைங்க போருக்குப் போயிட்டாங்க, வீட்டுக்காரங்க வாடகையை ஏத்தினாங்க. மேரி பார்பர் மாதிரி பெண்கள் தெருவைத் திரட்டி "வாடகை தர மாட்டோம்"னு நின்னாங்க. அந்த வருஷக் கடைசியிலேயே பிரிட்டிஷ் அரசு வாடகையை உறைய வெச்சு சட்டம் போட்டது.

மெட்ராஸுக்கு இது ரெண்டாம் உலகப் போர்ல வந்தது. 1941-ல, போர்க்காலப் பாதுகாப்பு விதிகளுக்குக் கீழ மெட்ராஸ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை. தற்காலிக ஏற்பாடுதான். போர் முடிஞ்சது, ஆனா வீட்டுப் பஞ்சம் முடியல. 1946-ல சட்டம், 1949-ல இன்னொரு சட்டம், அப்புறம் 1960-ல பதினெட்டாவது சட்டமா வந்ததுதான் பல தலைமுறை சென்னைவாசிகளுக்குத் தெரிஞ்ச 'ரென்ட் கன்ட்ரோல் ஆக்ட்'. ஹை கோர்ட் வளாகத்துக்குள்ள இருக்கிற சிறு வழக்குகள் நீதிமன்றத்துல வருஷக்கணக்கா அலைஞ்ச வீட்டுக்காரர்களும் குடித்தனக்காரர்களும் அதோட பிள்ளைகள்தான்.

அந்தச் சட்டத்துல 'நியாய வாடகை'ன்னு ஒண்ணு இருந்தது. இடத்தோட மதிப்பு, கட்டடத்தோட மதிப்பு, அதோட வீட்டுல இருக்கிற வசதிகளுக்கான செலவையும் ஒரு வரம்புக்குள்ள சேர்த்து வாடகையைக் கணக்குப் போடுவாங்க. என்ன என்ன வசதின்னு ஒரு அட்டவணை இருந்தது. ஏர் கண்டிஷனர், லிஃப்ட், மொசைக் தரை, காம்பவுண்ட் சுவர், தோட்டம், ஓவர்ஹெட் டேங்க், மோட்டார். அந்த வரிசையில ஒண்ணு: மின்சார ஹீட்டர்.

இங்க நின்னு பாருங்க. பாட்டி வீட்டு பாய்லர் குடித்தனக்காரரோட சொத்து. இந்த ஹீட்டர் வீட்டுக்காரரோட வசதி. வசதின்னா அதுக்குக் காசு. 1920-கள்ல ஏரியைத் தூர்த்துக் கட்டின தியாகராய நகர், அப்புறம் அடையாறு, இங்கெல்லாம் தனி வீடும் ஃப்ளாட்டும் வந்தப்ப பாத்ரூம் முற்றத்துல இருந்து படுக்கையறைக்குப் பக்கத்துல வந்துடுச்சு. அங்க விறகு எரிக்க முடியாது. கரண்ட்தான். வெந்நீர் சுவத்துல ஏறிடுச்சு. டு-லெட் விளம்பரத்துலயும் "கீசர் உண்டு"ன்னு ஒரு வரியா ஆயிடுச்சு.

இன்னொரு விதி அந்தச் சட்டத்துல இருந்தது. குடித்தனக்காரர் அனுபவிச்சுட்டு வர்ற வசதிகளைத் தகுந்த காரணம் இல்லாம வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. அதாவது சூடான தண்ணி உங்க வாடகையில ஒரு பகுதி, அதைத் துண்டிக்கறது தப்புன்னு வாதாட இடம் இருந்தது.

ஆனா உண்மை நிலவரத்தையும் சொல்லணும். வாடகை பல வருஷம் ஏறாம நின்னதால, வீட்டுக்காரங்க பலர் ரிப்பேர் பண்றதையே நிறுத்திட்டாங்க. "நூறு ரூபா வாடகைக்கு ஆயிரம் ரூபா வயரிங்கா?"ங்கிற கேள்வியில அநியாயம் எதுவும் இல்ல. குடித்தனக்காரங்களும் தன் வீடு இல்லைன்னு கை வைக்கல. மயிலாப்பூர், தி. நகர்ல இன்னிக்கும் பார்க்கிற சில பழைய கட்டடங்களோட உரிஞ்ச சுவரும் தொங்குற வயரும் இந்த இழுபறியோட மிச்சம்.

2019: கீசர் கட்சி மாறுச்சு

2017-ல தமிழ்நாடு புதுச் சட்டம் போட்டது. வீட்டுக்காரர், குடித்தனக்காரர் ரெண்டு பேரோட உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்துற சட்டம். 2019 பிப்ரவரி 22-ல அமலுக்கு வந்தது. 1960 சட்டம் போச்சு. வாடகை ரெண்டு பேரும் பேசிக்கிறது. எழுத்துல ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரிகிட்ட பதியணும்.

இதோட ரெண்டாவது அட்டவணை ரிப்பேரைப் பாகம் பிரிக்குது. வீட்டுக்காரர் பக்கம்: கட்டடத்தோட அடிப்படைப் பழுது, வெள்ளையடிக்கிறது, தேவைப்பட்டா பைப் மாத்தறது, உள்ளேயும் வெளியேயும் இருக்கிற மின் வயரிங். குடித்தனக்காரர் பக்கம்: குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ் பேசின், சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, கொசுவலை. நடுவுல ரெண்டே வார்த்தை: கீசர் ரிப்பேர். 2021-ல மத்திய அரசு கொண்டு வந்த மாதிரி வாடகைச் சட்டத்துலயும் இதே இடத்துலதான் கீசர் இருக்கு.

ஓனர் சொன்னது சரி. வீட்டோட வசதியா இருந்த ஹீட்டர், குழாய் வாஷரோட தம்பி ஆயிடுச்சு. விளம்பரத்துல அவரோடது, கெட்டுப்போனா உங்களோடது.

எல்லா ஊர்லயும் இப்படி இல்ல. பிரிட்டன்ல 1961-ல இருந்தே குறுகிய கால வாடகைக்கு, வெந்நீர் தர்ற கருவியையும் வீட்டைச் சூடாக்குற கருவியையும் வேலை செய்ற நிலையில வெச்சிருக்கிறது வீட்டுக்காரர் கடமை. குளிர் நாடு, அதனாலன்னு சொல்லலாம். ஆனா அங்க ஒரு யோசனை இருக்கு: கெட்டுப்போனா ஆபத்து ஆகுற பொருளை, இன்னிக்கு வந்து நாளைக்குப் போறவர் தலையில கட்டாதே.

அந்த மூணாவது ஓட்டை

சரி, எங்க பாத்ரூமுக்கு வருவோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். கீசரைக் கழட்டி உள்ள இருந்த எலிமென்ட்டை வெளிய எடுத்தார். கல்லு மாதிரி வெள்ளையா அப்பியிருந்தது. எங்க கட்டடத்துல போர்வெல் தண்ணி, உப்பு. கடினத் தண்ணியைச் சூடாக்கினா அதுல கரைஞ்ச சுண்ணாம்பு பிரிஞ்சு, எங்க சூடு அதிகமோ அங்க போய் ஒட்டிக்கும். மேல கவசம் மாதிரி படிஞ்சதும் சூடு தண்ணிக்குப் போகாது, எலிமென்ட் தன்னைத்தானே வேக வெச்சுக்கும், ஒரு நாள் உறை வெடிக்கும். அப்ப கரண்ட் தண்ணியில கசியும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

இது வரைக்கும் கீசர் ரிப்பேர். என் செலவு. ஒத்துக்கிறேன்.

ஆனா அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்: "கசிஞ்சா எர்த்ல போயிருக்கணுமே, ஏன் ஆளைக் கடிச்சது?" சாக்கெட்டைக் கழட்டினார். நம்ம பிளக்ல மேல பெரிசா ஒரு பின் இருக்கும் பாருங்க, அதுதான் எர்த். பெரிசாவும் நீளமாவும் இருக்கிறதுக்குக் காரணம், செருகும்போது அது முதல்ல தொடணும், உருவும்போது கடைசியில விடணும். எங்க சாக்கெட்ல அந்த மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி எதுவுமே இல்ல. வயரே இழுக்கல. கட்டின நாள்ல இருந்து அது வெறும் ஓட்டை.

அதனால எங்க வீட்டுல நடந்தது ஒரே ரிப்பேர் இல்ல, ரெண்டு. எலிமென்ட் குடித்தனக்காரர் பட்டியல். எர்த் வயர் வீட்டுக்காரர் பட்டியல். ஷாக் அடிச்சது ரெண்டும் சேர்ந்ததால. எலிமென்ட் மட்டும் போயிருந்தா, கரண்ட் எர்த்ல இறங்கி ஃபியூஸோ பிரேக்கரோ விழுந்திருக்கும், பாட்டி "கரண்ட் போச்சு"ன்னு கத்தியிருப்பாங்க, அவ்வளவுதான்.

ஃபோட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பினேன். அட்டவணையில வயரிங் பத்தின வரியையும் எழுதி அனுப்பினேன். 1882 சட்டத்துல பார்த்த மறைவான குறை விஷயமும் மனசுல இருந்தது. ஆனா அவருக்கே இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை, அதனால அதை எழுதல. ரெண்டு நாள் பதில் இல்ல. மூணாவது நாள் அவரே வந்தார், டார்ச் அடிச்சு அந்த ஓட்டையைப் பார்த்தார். "முப்பது வருஷம் எங்க அம்மா இங்கதான் குளிச்சாங்க"ன்னு மட்டும் சொன்னார். வயரிங் அவர் செலவு, எலிமென்ட் என் செலவு. எர்த் கசிவுல உடனே கரண்ட்டை வெட்டுற ஆர்.சி.சி.பி. ஒண்ணு போட்டோம், அதுல பாதிப் பாதி.

எனக்கு இந்த வரலாறு சொல்றது இதுதான். சட்டம் பொருளைப் பார்த்துப் பிரிக்குது: வாஷர் உன்னுது, வயர் என்னுது. கீசர் அப்படிப் பிரியற பொருள் இல்ல. அதுல தண்ணி, கரண்ட், சுவர் மூணும் சேருது. பாய்லர் நம்ம கூடவே வந்த காலத்துல பொறுப்பும் கூடவே வந்தது நியாயம். சுவத்துக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கவே முடியாதவர்கிட்ட முழுப் பொறுப்பையும் கொடுக்கறது நியாயம் இல்ல. அந்த அட்டவணையில "கீசர் ரிப்பேர்"ங்கிறதுக்கு முன்னாடி, எர்த்தும் பாதுகாப்பு பிரேக்கரும் வீட்டுக்காரர் தரணும்னு ஒரு வரி இருந்திருக்கணும்.

அந்த வரி வர்ற வரைக்கும் நாமளே எழுதிக்கலாம். ஒப்பந்தத்துல ரிப்பேரை வேற மாதிரி பேசி எழுத சட்டமே இடம் கொடுக்குது. புது வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டுப் போய் பாத்ரூம் சாக்கெட்ல எர்த் இருக்கான்னு டெஸ்ட் பண்ணுங்க. கீசர் எத்தனை வருஷம் பழசுன்னு கேளுங்க. சின்ன ரிப்பேர் யாரு, மொத்தமா மாத்தணும்னா யாருன்னு ரெண்டு வரி எழுதி வாங்குங்க. அட்வான்ஸ் பேசுற அரை மணி நேரத்துல இதுக்கு அஞ்சு நிமிஷம் போதும். உப்புத் தண்ணி ஏரியான்னா வருஷத்துக்கு ஒரு தடவை எலிமென்ட்டைக் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க. அது நம்ம வேலைதான்.

பாட்டி இப்ப கீசர்ல குளிக்கிறாங்க. ஆனா ஒரு கண்டிஷன்: வாளி நிறைஞ்சதும் நான் வந்து சுவிட்சை ஆஃப் பண்ணணும், அப்புறம்தான் உள்ள போவாங்க. நானும் தினமும் பண்றேன்.

உங்க வீட்டு பாத்ரூம் சாக்கெட்ல அந்த மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி வயர் இருக்கா? இந்த வாரம் செக் பண்ணிட்டு எங்களுக்குச் சொல்லுங்க. பழைய செம்பு பாய்லர் யார் வீட்டுப் பரண்லயாவது இருந்தா, அதோட கதையையும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.